படம் போடுகிற பேராசிரியர்

கம்ப்யூட்டர் துறையில் பெரிய ஆள் யார் என்று நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் மளமளவென்று நாலைந்து பெயர் சொல்வார்கள். எல்லாம் கம்பெனி முதலாளிகள். ஒரு பேராசிரியர் பெயர் சொல் என்றால் யோசிப்பார்கள். அதிலும் டேட்டா விஷுவலைசேஷன் பேராசிரியர் என்றால் சிரிப்பே வந்துவிடும். "அதுக்கெல்லாமா தாத்தா ஒரு புரொஃபசர்? எக்செல்ல ரெண்டு கிளிக் பண்ணா சார்ட் வந்துடுமே" என்றான் என் தங்கையின் பேரன். பி.இ. மூன்றாம் வருடம் படிக்கிறான்.

அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன். பென் ஷ்னைடர்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியரைப் பற்றியது. அவரை நான் பார்த்ததில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் குப்பை கொட்டியவன் என்ற முறையில், ஓய்வு பெற்ற பிறகு அவர் எழுதியவற்றைத் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டது. பதிலை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் கம்ப்யூட்டரைவிட, இருப்பதைக் காட்டிவிட்டு முடிவை மனிதன் கையில் விடும் கம்ப்யூட்டரே நமக்கு வேண்டும். எங்கும் ஏ.ஐ. என்று பேச்சாக இருக்கும் இந்த நாளில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஆளைப் பற்றி. ஷ்னைடர்மன் 1947-இல் நியூயார்க்கில் பிறந்தவர். பெற்றோர் போலந்திலிருந்து வந்த யூதர்கள். அப்பா பத்திரிகையாளர். மாமா டேவிட் சீமோர், 'ஷிம்' என்ற பெயரில் உலகப் புகழ் பெற்ற புகைப்படக்காரர். ராபர்ட் காப்பா, கார்த்தியே பிரஸ்ஸோன் ஆகியோருடன் சேர்ந்து 1947-இல் மேக்னம் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1956-இல் சூயஸ் பகுதியில் படம் எடுக்கப் போன இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது நம் ஆளுக்கு ஒன்பது வயது. உலகத்தைக் கண்ணால் பார்த்துப் பிறருக்குக் காட்டுவது ஒரு தொழில் என்பதை அந்தப் பையன் குடும்பத்திலேயே பார்த்து வளர்ந்தான். பின்னாளில் அவரும் கேமராவை விடவில்லை. தன் துறையின் முன்னோடிகளையெல்லாம் படம் எடுத்துப் புத்தகமாகவே போட்டார்.

படித்தது கணிதமும் இயற்பியலும். 1973-இல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸில் பிஎச்.டி. வாங்கினார். அந்தத் துறை கொடுத்த முதல் பிஎச்.டி. அவருடையதுதான்.

மாணவராக இருந்தபோதே ஐசக் நாஸி என்ற நண்பருடன் சேர்ந்து ஒரு காரியம் செய்தார். அந்தக் காலத்தில் புரோகிராம் எழுதுவதற்கு முன் ஃப்ளோ சார்ட் போடுவோம். அம்புக்குறி எங்கெங்கோ ஓடி, கடைசியில் இடியாப்பம் மாதிரி ஆகிவிடும். போட்டவனுக்கே புரியாது. இவர்கள் இருவரும் அம்புக்குறியையே எடுத்துவிட்டார்கள். ஒரு கட்டம், அதற்குள் கட்டம், அதற்குள் இன்னொரு கட்டம். கண்டபடி தாவிக் குதிக்கும் புரோகிராமை அந்தக் கட்டங்களில் வரையவே முடியாது. ஒழுங்காக யோசித்தால்தான் படம் வரும்.

கட்டுரையை ஒரு பெரிய இதழுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தது. பரிசீலித்தவர் ஒருவர், இதன் பிரதிகளையெல்லாம் திரட்டி யாரும் படிப்பதற்குள் கொளுத்திவிடுங்கள் என்ற பொருளில் எழுதியிருந்தார். 1973-லேயே வேறு இதழில் அது வெளிவந்தது. நாஸி–ஷ்னைடர்மன் வரைபடம் என்ற பெயரில் உலகம் சுற்றியது. ஜெர்மனியில் அதற்குத் தர நிர்ணயமே உண்டு. கொளுத்தச் சொன்ன கடிதத்தை ஷ்னைடர்மன் பிற்பாடு தன் இணையப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவைத்தார். இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு அதைவிட நல்ல ஆறுதல் கிடையாது.

1976-இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். 1980-இல் 'சாஃப்ட்வேர் சைக்காலஜி' என்று ஒரு புத்தகம் எழுதினார். 1983-இல் மனிதனும் கம்ப்யூட்டரும் பழகும் விதத்தை ஆராய ஒரு கூடம் தொடங்கி, 2000 வரை அதன் தலைவராக இருந்தார். கம்ப்யூட்டர் ஆட்கள் மட்டுமல்ல, உளவியல்காரர்களையும் நூலகத் துறைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டார். 'இது சுலபமாக இருக்கிறது' என்று வெறும் வாயால் சொன்னால் அங்கே எடுபடாது. ஆட்களை உட்காரவைத்து, எத்தனை நொடி ஆகிறது, எத்தனை தப்பு வருகிறது என்று அளந்து காட்ட வேண்டும்.

அந்தக் கூடத்தில் நடந்த சின்னச் சின்ன வேலைகள் சில நம் விரல் நுனிவரை வந்திருக்கின்றன. உதாரணம் ஒன்று. தொடுதிரையில் நம் தடித்த விரலால் சின்ன எழுத்தை எப்படிச் சரியாகத் தொடுவது? விரல் பட்ட உடனே எடுத்துக்கொள்ளாதே, விரலை எடுக்கும்போது எடுத்துக்கொள், அதுவரை நகர்த்திச் சரிசெய்யட்டும் என்று 1988-லேயே அங்கே சோதித்துப் பார்த்து எழுதினார்கள். நாம் செல்போனில் தப்பான எழுத்தில் விரல் வைத்துவிட்டு மெல்ல நகர்த்திச் சரிசெய்கிறோமே, அந்த யோசனைதான்.

இப்போது அவருடைய புகழ்பெற்ற படத்துக்கு வருகிறேன். 1990. ஆய்வுக்கூடத்தில் இருந்த ஹார்ட் டிஸ்க் மொத்தம் 80 எம்.பி. அதைப் பதினாலு பேர் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். (இன்று பேரப்பிள்ளை அனுப்பும் ஒரு வீடியோவுக்குக் காணாது.) அடிக்கடி நிரம்பிவிடும். யாருடைய எந்த ஃபைல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது? பட்டியல் போட்டுப் பார்த்தால் பக்கம் பக்கமாகப் போகிறது. மரம் மாதிரி கிளை கிளையாக வரைந்தால் திரையில் அடங்கவில்லை. இதே யோசனையாக ஆசிரியர்கள் காபி குடிக்கும் அறையில் உட்கார்ந்திருந்தபோது பளிச்சென்று தோன்றியதாம். முழுத் திரைதான் முழு டிஸ்க். முதல் மட்டத்தில் நெடுக்காகப் பங்கு போடு. ஒவ்வொரு பங்கையும் அடுத்த மட்டத்தில் குறுக்காகப் பங்கு போடு. அடுத்து மறுபடி நெடுக்காக. எந்த ஃபைல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய கட்டம். வகைக்கு ஒரு நிறம். 'ட்ரீமேப்' என்று பெயர் வைத்தார். அவருடைய மாணவர் பிரையன் ஜான்சன் அதை ஓடும் புரோகிராமாக ஆக்கினார்.

1973-இல் கட்டத்துக்குள் கட்டம். 1990-லும் கட்டத்துக்குள் கட்டம். ஒரு மனிதனுக்கு வாழ்க்கையில் ஒரு நல்ல யோசனை வந்தால் போதும் போலிருக்கிறது. அதை எத்தனை இடத்தில் பயன்படுத்தத் தெரிகிறது என்பதில்தான் விஷயம்.

நானே அனுபவித்த பலனைச் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்னால் என் லேப்டாப் டிஸ்க் நிரம்பி, எதைத் திறந்தாலும் திணறியது. மாப்பிள்ளை போனில் சொன்னபடி வின்டிர்ஸ்டாட் என்ற இலவச புரோகிராமை இறக்கி ஓட்டினேன். திரை முழுக்க நிறம் நிறமாகக் கட்டங்கள். மூலையில் பெரிய மைதானம் மாதிரி ஒரே நிறத்தில் இரண்டு கட்டம், அச்சு அசல் ஒரே அளவு. மவுஸை வைத்துப் பார்த்தால், கல்யாண வீடியோ. இரண்டு பிரதி! ஒன்றை அழித்தேன், வேலை முடிந்தது. எந்தப் பிரதியை வைத்துக்கொள்வது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யவில்லை. அது காட்டியது, நான் பார்த்தேன், நான் முடிவு செய்தேன். அந்தப் படத்துக்கு மூலம் எது என்று தேடிப் போனபோதுதான் ஷ்னைடர்மன் பெயர் எனக்குத் தெரியவந்தது.

1996-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தத் துறைக்கே மந்திரம் மாதிரி ஆகிவிட்ட ஒரு வாக்கியம் இருக்கிறது. தமிழில் இப்படிச் சொல்லலாம்: முதலில் முழுசையும் காட்டு, பிறகு வேண்டிய இடத்தை நெருங்கிப் பார்க்கவும் வேண்டாததை ஒதுக்கவும் வழி செய், கேட்கும்போது விவரம் கொடு. அதே வாக்கியத்தை அந்தக் கட்டுரையில் பத்து தடவை, வரிசையாகப் பத்து வரியாக அடித்திருக்கிறார். அச்சுப் பிழையில்லை. பத்து வெவ்வேறு வேலைகளில், ஒவ்வொரு தடவையும் கடைசியில் இதே பாடத்தில்தான் வந்து நின்றாராம். ஒரு வேலைக்கு ஒரு வரி.

இதைப் படித்ததும் எங்கள் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். எண்பதுகளில் நாங்கள் மாதா மாதம் ஸ்டாக் ரிப்போர்ட் அடித்துக் கொடுப்போம். 132 எழுத்து அகலக் காகிதம், தலையணை கனத்துக்குக் கட்டு. அதிகாரிகள் கடைசிப் பக்கத்து மொத்தத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். இந்த மனிதர் மட்டும் ராத்திரி உட்கார்ந்து, ஒரு சார்ட் பேப்பரில் சாமானுக்கு ஒரு கட்டமாகப் போட்டு, அந்த வருஷம் எடுத்ததற்குப் பச்சை, மூன்று வருஷமாகத் தொடாததற்குச் சிவப்பு என்று ஸ்கெட்ச் பேனாவால் தீட்டி, மேனேஜர் அறைச் சுவரில் ஒட்டிவிட்டார். ஒரு மூலையே சிவப்பாக இருந்தது. எப்போதோ கழித்துக் கட்டிய ஒரு மெஷினுக்கு வாங்கிப் போட்ட உதிரி பாகங்கள். அந்தத் தகவல் எங்கள் கட்டில் மாதா மாதம் இருந்துகொண்டேதான் இருந்தது. யார் கண்ணிலும் படவில்லை. சுவரில் ஏறிய அன்று சாயங்காலத்துக்குள் எல்லோர் கண்ணிலும் பட்டது. எண் பொய் சொல்லாது என்பார்கள். சரி, ஆனால் கட்டுக்குள் கிடக்கும் எண் வாயே திறக்காது.

ஷ்னைடர்மனின் கூடத்தில் இந்த வேலையைத்தான் மேலும் மேலும் செய்தார்கள். கேத்தரின் பிளேசன்ட் என்ற அம்மையாருடன் சேர்ந்து 'லைஃப்லைன்ஸ்' என்று ஒன்று செய்தார். ஒரு நோயாளிக்கு எந்த வியாதி எப்போது வந்தது, எந்த மருந்து எதுவரை ஓடியது எல்லாம் கோடு கோடாக ஒரே திரையில் வரும். பிளாஸ்டிக் பை நிறைய ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைகிற நம் வயதுக்காரர்களுக்கு இதன் அருமை புரியும். ஸ்வீடனிலிருந்து வந்து அங்கே வேலை செய்த கிறிஸ்டோபர் ஆல்பெர்க் என்ற மாணவர், ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் திரையில் போட்டு, ஒரு பட்டியை நகர்த்தியவுடன் பொருந்தாதவை மறைந்துபோகும்படி செய்தார். அதை வைத்து அவர் 1996-இல் ஆரம்பித்த ஸ்பாட்ஃபயர் கம்பெனியை 2007-இல் டிப்கோ நிறுவனம் 19.5 கோடி டாலருக்கு வாங்கியது. 'கலர் அடிக்கிற வேலை' என்று சிரித்த எங்கள் பையன் இந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, காலம் அப்படி.

பணம் கிடக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது 1997-இல் நடந்த ஒரு வாதம். எம்.ஐ.டி.யில் இருந்த பேராசிரியை பேட்டி மேஸ் ஒரு பக்கம், ஷ்னைடர்மன் மறு பக்கம், மேடையில் நேருக்கு நேர். மேஸ் சொன்னதன் சாரம்: தகவல் பெருகிவிட்டது, மனிதனுக்கு நேரமில்லை, எல்லாவற்றையும் அவனே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவன் பழக்கத்தைத் தெரிந்துகொண்டு அவனுக்காகக் காரியம் செய்யும் மென்பொருள் உதவியாளர்கள் வேண்டும். ஷ்னைடர்மன் சொன்னதன் சாரம்: என்ன நடக்கிறது என்று மனிதனுக்குத் தெரிய வேண்டும், அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்க முடிய வேண்டும், கடிவாளம் அவன் கையில் இருக்க வேண்டும். ஏனென்றால் தப்பு நடந்தால் பொறுப்பும் அவனுடையதுதான்.

கால் நூற்றாண்டு தாண்டிப் பார்த்தால் மேஸ் அம்மையார் சொன்ன உதவியாளர்கள் வீட்டுக்கு வீடு வந்துவிட்டார்கள். அதனால் அவர்தான் ஜெயித்தார் என்று சிலர் சொல்லலாம். வசதி விஷயத்தில் ஜெயித்தார், ஒப்புக்கொள்கிறேன். என் மெயிலில் வந்து குவியும் லாட்டரிக் கடிதங்களை ஒரு புரோகிராம் தானாகவே ஒதுக்குகிறது. எதற்கு ஒதுக்கினாய் என்று நான் விளக்கம் கேட்பதில்லை. தப்பாக ஒதுக்கினாலும் நஷ்டம் கொஞ்சம்தான், போய் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் வேறு விதமும் இருக்கிறது. போன வருடம் என் மனைவிக்குக் கண்புரை ஆபரேஷன். முன்பணம் கட்டுவதற்கு வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினேன். போகவில்லை. கணக்கே முடக்கப்பட்டிருந்தது. கிளைக்குப் போனேன்.

"சிஸ்டம் பிளாக் பண்ணியிருக்கு சார்."

"எதனால?"

"அது எங்களுக்குத் தெரியாது சார். மேலேருந்து தானா வருது."

மேனேஜர் நல்ல மனிதர். காபி வரவழைத்தார். நம்பிக்கை வரட்டும் என்று தன் திரையையே என் பக்கம் திருப்பிக் காட்டினார். சிவப்பில் ஒரே ஒரு வரி. நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். பார்ப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. நாலு நாள் ஆயிற்று கணக்கு திறக்க. ஆபரேஷன் ஒரு வாரம் தள்ளிப்போனது. ஏன் முடக்கினார்கள் என்பது இன்றுவரை எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

முடக்கியது தப்பு என்று நான் சொல்லவில்லை. வயதானவர்களைப் போனில் மிரட்டிப் பணம் பறிக்கிற கூட்டம் இருக்கும்போது, வங்கி கொஞ்சம் சந்தேகப்பட்டால் நல்லதுதான். என் வழக்கு வேறு. அந்த மேனேஜர் முன்னால் என் கணக்கின் இரண்டு வருடத்துச் செலவுகளை ஒரு புள்ளிப் படமாகப் போட்டிருந்தால் போதும். மளிகை, மருந்து, மின்கட்டணம் எல்லாம் கீழே எறும்பு வரிசை மாதிரி இருக்கும். உச்சியில் ஒரே ஒரு புள்ளி தனியாக நிற்கும். 'இது என்ன சார்?' என்று அவர் கேட்பார். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டுவேன். இரண்டு நிமிட வேலை. கம்ப்யூட்டரும் சந்தேகப்பட்டுக்கொள்ளட்டும், மனிதனும் பார்த்துத் தீர்மானிக்கட்டும். ஒன்று வந்தால் மற்றது போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இதைத்தான் ஷ்னைடர்மன் 2022-இல் வெளிவந்த 'ஹியூமன் சென்டர்டு ஏ.ஐ.' புத்தகத்தில் வாதாடுகிறார். தானியங்கி கூடினால் மனிதனின் பிடி குறைந்தே தீரும் என்பது தவறான கணக்கு, இரண்டையும் சேர்த்தே உயர்த்த முடியும் என்கிறார். அவர் சொல்லும் உதாரணம் டிஜிட்டல் கேமரா. ஃபோகஸ், வெளிச்சம் எல்லாவற்றையும் அது தானே பார்த்துக்கொள்கிறது. ஆனால் என்ன வரப்போகிறது என்று திரையில் முன்கூட்டியே காட்டுகிறது, பட்டனை நாம்தான் அமுக்குகிறோம், பிடிக்காவிட்டால் அழிக்கிறோம். ஷிம் மாமாவின் மருமகனுக்கு இந்த உதாரணம் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

எதிர் உதாரணமும் உண்டு. போயிங் 737 மேக்ஸ். மூக்கு மேலே போகிறது என்று ஒரே ஒரு சென்சார் தப்பாகச் சொன்னதை நம்பி, விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழே அமுக்கும் மென்பொருள் அதில் இருந்தது. முதல் விபத்து நடக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே விமானிகளின் கையேட்டில் சொல்லப்படவில்லை. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் ஒன்று, 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் ஒன்று. மொத்தம் 346 உயிர். கடைசி நிமிடம்வரை விமானிகள் எதனுடன் மல்லுக்கட்டுகிறோம் என்று முழுசாகத் தெரியாமலே போராடினார்கள். காட்டாமல் காரியம் செய்யும் இயந்திரத்துக்கு இதைவிடக் கொடுமையான சாட்சி வேண்டாம்.

படம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. படத்திலும் ஏமாற்றலாம். அச்சின் அடியைக் கொஞ்சம் வெட்டினால் போதும், சின்ன மேடு மலையாகத் தெரியும். தேர்தல் சமயத்து டி.வி.யில் தினம் பார்க்கிறோம். ஆனால் காட்டியதை இன்னொருவர் பார்த்துக் குறை சொல்லலாம். சிவப்பு வரியை யார் என்ன குறை சொல்வது?

இன்று நம் கல்லூரிகளில் ஏ.ஐ. பிரிவுக்கு இடம் கிடைக்காதா என்று பெற்றோர் அலைமோதுகிறார்கள். படிக்கட்டும், நல்லது. கூடவே, தாங்கள் செய்யும் பெட்டி ஒரு மனிதனைப் பற்றி முடிவெடுத்தால் அந்த மனிதனுக்கு அதை எப்படிக் காட்டுவது என்பதையும் ஒரு பாடமாகப் படிக்கட்டும். அதைக் கற்றுக்கொடுக்கும் பேராசிரியரை 'படம் போடுறவர்' என்று ஓரங்கட்டாமல் இருந்தால் சரி.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பென்ஷனோ, இன்ஷூரன்ஸோ, வங்கியோ, எங்கேயாவது 'சிஸ்டம் விடலை சார்' என்று சொன்னால் தலையாட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். கோபமும் வேண்டாம், எதிரே இருப்பவர் பாவம், அவருக்கும் ஒன்றும் தெரியாது. நிதானமாக ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்: எந்த விவரத்தைப் பார்த்து இந்த முடிவு வந்தது என்று எனக்குக் காட்டவும். நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். நான் என் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.